கேட்டில் தொடங்கும் காய்ச்சல்

"எத்தன நாளாம்மா காய்ச்சல்?"

ஒரு நாளைக்கு இந்தக் கேள்வியை எத்தனை தடவை கேட்கிறேன் என்று எண்ணினால் எனக்கே சிரிப்பு வரும். நல்லூரில் என் கிளினிக் இருக்கிற தெருவில் நாலு வீட்டுக்கு ஒரு வீட்டில் தையல் மிஷின் ஓடுகிறது. மழைக்காலம் வந்துவிட்டால் வாசலில் குறுக்கும் நெடுக்குமாக நிற்கிற வண்டிகளை ஓரங்கட்டவே சிஸ்டருக்குக் கால் மணி நேரம் ஆகும். உள்ளே பெஞ்சு முழுக்க அம்மாக்கள், எல்லார் மடியிலும் சுடுகிற பிள்ளை. ஸ்டெதஸ்கோப்பை எடுப்பதற்கு முன்னால் நான் நாளைக் கேட்பேன். குழந்தைகளுக்கு வரும் காய்ச்சலில் பாதி நோயை நாள்தான் காட்டிக்கொடுக்கும். முதல் நாள் என்றால் ஒரு யோசனை, ஐந்து நாள் தாண்டினால் டைபாய்டா என்று வேறு யோசனை. டெங்கு என்றால் நாள்தான் எல்லாம். எந்த டெஸ்டை எப்போது எடுப்பது, எப்போது பயப்படுவது, இரண்டுக்கும் பதில் அந்த எண்ணிக்கையில்தான் இருக்கிறது.

இன்னொன்றையும் முதலிலேயே சொல்லிவிடுகிறேன். எனக்குக் கோபம் வரும். மூக்குக்கு மேல் வரும் என்பார்களே, அந்த ரகம். அண்ணனுக்கு வாங்கிய மருந்தில் மிச்சத்தைத் தங்கைக்கு ஊற்றிவிட்டு வந்தால் கத்துவேன். ஐந்து நாளைக்கு எழுதிய மருந்தை இரண்டாம் நாளே நிறுத்திவிட்டு வந்தால் இன்னும் கத்துவேன். நான் கத்தி முடித்ததும் சிஸ்டர் அவர்களை வெளியே கூட்டிக்கொண்டு போய், "மேடம் அப்படித்தானுங்க. பேச்சுத்தான் காரம், மருந்து நல்ல மருந்துங்க" என்று சமாதானம் சொல்லி அனுப்புவார். இப்படியே பல வருடம் ஓடிவிட்டது. நான் கத்துவது குழந்தைகளின் நல்லதற்குத்தான் என்று நானும் நம்பிக்கொண்டிருந்தேன்.

அந்தப் பெண் அந்தக் காய்ச்சலுக்காக முதலில் வந்தது ஒரு புதன்கிழமை சாயங்காலம். தூத்துக்குடிப் பக்கத்துக்காரி. பனியன் கம்பெனியில் செக்கிங் வேலை, அதாவது தைத்து வரும் துணியில் ஓட்டை, விட்டுப்போன தையல், எண்ணெய்க் கறை எல்லாம் தேடிப் பிடித்து ஸ்டிக்கர் ஒட்டுகிற வேலை. கணவன் நிட்டிங் மிஷினில் ஷிப்டு பார்க்கிறவன். இரண்டும் பெண் பிள்ளைகள். மூத்தவளுக்கு நாலு வயது, சின்னவளுக்கு ஒன்றே முக்கால். அன்றைக்குக் காய்ச்சல் மூத்தவளுக்கு.

மூத்தவளை எனக்கு ஏற்கெனவே தெரியும். தொண்டையைப் பார்க்க நான் வைக்கிற மரக்குச்சியை, பார்த்து முடித்ததும் அவளிடம் கொடுத்துவிட வேண்டும். ஒன்று போதாது, இரண்டு வேண்டும். "பாப்பாவுக்கு ஒண்ணு" என்று கையை நீட்டுவாள். கொடுக்காவிட்டால் நாற்காலியை விட்டு இறங்க மாட்டாள். அன்றைக்கும் நூற்றிரண்டு டிகிரி காய்ச்சலோடு இரண்டு குச்சியை வாங்கிக்கொண்டுதான் இறங்கினாள். "சரியான ரௌடி" என்று நான் சொன்னதற்கு அம்மாவுக்கு ஒரே சிரிப்பு.

"எத்தன நாளாம்மா காய்ச்சல்?"

"இன்னைக்குத்தான் டாக்டரம்மா. காலைல கிரீச்சு கேட்டுல சூடு பாத்துட்டு உள்ள விட மாட்டேன்னு திருப்பி விட்டுட்டாவ."

கிரீச்சு என்பது கம்பெனியே நடத்துகிற குழந்தைகள் காப்பகம். முதல் நாள் என்று சீட்டில் எழுதினேன். அந்தத் தெருவில் இரண்டு பேருக்கு டெங்கு வந்திருந்ததால் எதற்கும் இருக்கட்டும் என்று ரத்தம் எடுக்கச் சொன்னேன். காய்ச்சல் வந்த முதல் சில நாட்களில் டெங்குக் கிருமியை நேராகக் காட்டும் டெஸ்ட் ஒன்று இருக்கிறது. அது இல்லை என்று வந்தது. தட்டணுக்கள் கொஞ்சம் குறைவாக இருந்தன, பயப்படும்படி இல்லை. முதல் நாளில் எடுத்த ரத்தம், டெங்கு இல்லை, வைரஸ் காய்ச்சலில் தட்டணு இப்படிக் கொஞ்சம் இறங்குவதுண்டு. எல்லாம் ஒன்றோடொன்று அழகாகப் பொருந்தியது. நாள் கூடக்கூட அந்த டெஸ்ட் ஏமாற்ற ஆரம்பிக்கும், டெங்கு இருந்தாலும் இல்லை என்று காட்டும் என்பது எனக்குத் தெரியாததா? நாலாவது நாள் என்று அவள் சொல்லியிருந்தால் இன்னொரு டெஸ்டும் எழுதியிருப்பேன், மறுநாளே திரும்ப வரச் சொல்லியிருப்பேன். முதல் நாள் என்றல்லவா சொன்னாள்.

"வெள்ளிக்கிழமை கூட்டிட்டு வாம்மா. தண்ணி நெறையக் குடு. ஆறு மணி நேரத்துக்கு ஒருக்கா காய்ச்சல் சிரப்புக் குடு" என்று அனுப்பினேன்.

வெள்ளிக்கிழமை காலையில் கதவைத் திறக்கும்போதே அவள் வந்து நின்றாள். முகத்தில் அத்தனை சந்தோஷம்.

"காய்ச்ச விட்டுட்டு டாக்டரம்மா. நேத்துச் சாயங்காலத்துலேர்ந்து சூடே இல்ல. சிரப்பும் குடுக்கல. ஃபிட்டு சீட்டு மட்டும் எழுதித் தந்தியன்னா கிரீச்சுல விட்டுட்டு வேலைக்கு ஓடிருவேன். ஷிப்மெண்டு நேரம், சூப்பர்வைசர் ரெண்டு நாளா மூஞ்சத் திருப்பிக்கிட்டு இருக்காரு."

நெற்றியைத் தொட்டுப் பார்த்தேன். குளிர்ந்திருந்தது. குழந்தை அம்மா தோளில் சாய்ந்தபடியே இருந்தாள். "ராத்திரி சரியாத் தூங்கலியோ?" என்று கேட்டேன். "ஆமா டாக்டரம்மா, பெரண்டுக்கிட்டே கெடந்தா" என்றாள். தொண்டையைப் பார்த்தேன், குச்சியைக் குப்பைக் கூடையில் போட்டேன். காய்ச்சல் இல்லை, காப்பகத்தில் சேர்க்கலாம் என்று எழுதிக் கையெழுத்துப் போட்டு, சீலும் குத்திக் கொடுத்தேன். இரண்டு நிமிடம் ஆகியிருக்குமா? வெளியே பெஞ்சு நிறைந்திருந்தது.

அன்றைக்கு அவள் குச்சி கேட்கவில்லை.

டெங்குவைப் பற்றி ஒரு விஷயம் சொல்ல வேண்டும். மற்ற காய்ச்சலெல்லாம் விட்டுவிட்டால் பிள்ளை பிழைத்தது என்று அர்த்தம். டெங்குவில் காய்ச்சல் விடுகிற நாள்தான் கண்டம். நாலு, ஐந்து நாள் கொதித்துவிட்டு, ஐந்தாம் நாளோ ஆறாம் நாளோ உடம்பு குளிரும். வீட்டில் எல்லாரும் சாமிக்கு நன்றி சொல்வார்கள். அதே நேரத்தில் சில பிள்ளைகளுக்கு உள்ளே ரத்தக் குழாய்களிலிருந்து நீர் கசிய ஆரம்பித்திருக்கும். வெளியே ஒன்றும் தெரியாது. பிள்ளை சோர்ந்து தூங்கும், வயிற்றை வலிக்கிறது என்னும், கை கால் சில்லிட்டுப் போகும். ஆறாம் நாள் குளிர்ந்து வந்த பிள்ளை என்றால் விரல் நகத்தை அழுத்திப் பார்ப்பேன், வயிற்றைத் தொட்டுப் பார்ப்பேன், பிரஷர் பார்ப்பேன், வீட்டுக்கு அனுப்ப மாட்டேன். மூன்றாம் நாள் குளிர்ந்து வந்தால் வைரஸ் காய்ச்சல் ஓடிப்போயிற்று என்று சீல் குத்துவேன். இவள் என் சீட்டில் மூன்றாம் நாள்.

மத்தியானம் இரண்டரை மணி இருக்கும். கிளினிக்கைச் சாத்திவிட்டுச் சாப்பிட உட்கார்ந்தவளை சிஸ்டர் வந்து கூப்பிட்டார். "மேடம், கொஞ்சம் சீக்கிரம் வாங்க. அந்தக் குச்சிப் பாப்பாங்க."

கிரீச்சில் இரண்டு தடவை வாந்தி எடுத்தாளாம். வயிறு வலிக்கிறது என்றாளாம். ஆயா தட்டிக் கொடுத்ததும் தூங்கிவிட்டாளாம். எழுப்பினால் கண்ணைத் திறந்து பார்த்துவிட்டு மறுபடி மூடிக்கொள்கிறாள் என்று செக்கிங் டேபிளுக்கு ஆள் அனுப்பியிருக்கிறார்கள். அம்மா பிள்ளையைத் தூக்கிக்கொண்டு கிடைத்த ஆட்டோவில் ஏறி வந்துவிட்டாள். அவள் சேலையில் நூல் தூசி அப்படியே ஒட்டியிருந்தது.

காலைத் தொட்டேன், ஐஸ். கையைத் தொட்டேன், ஐஸ். நகத்தை அழுத்திவிட்டு எடுத்தேன், வெளுத்தது வெளுத்தபடியே நின்றது. நாடி நூலாக ஓடியது. பிரஷர் பார்த்தால் மேல் அளவும் கீழ் அளவும் கிட்டக்கிட்ட நின்றன. அந்த இரண்டும் நெருங்கினால் ரத்த ஓட்டம் நிற்கப்போகிறது என்று அர்த்தம். மூன்றாம் நாளில் இது எப்படி வரும்?

"எப்பம்மா காய்ச்சல் ஆரம்பிச்சது? உண்மையச் சொல்லு."

"பொதன்கெழம, டாக்டரம்மா."

"அதுக்கு முன்னாடி உடம்பு சுடவே இல்லியா?"

அவள் விழித்தாள். "சுட்டுச்சு. அது சிரப்புல அடங்கிட்டு."

"எப்ப இருந்து சுட்டுச்சு?"

"ஞாயித்துக்கெழம கோயிலுக்குப் போயிட்டு வரும்போதே சுட்டுச்சு. கம்பெனி வேனுக்கு முன்னாடி சிரப்பு குடுத்துருவேன். கேட்டுக்குப் போறதுக்குள்ள எறங்கிரும். பொதன்கெழம வேன் முன்னாடியே வந்துட்டு. சிரப்பு வேல செய்யல, மாட்டிக்கிட்டோம்."

ஞாயிறு, திங்கள், செவ்வாய், புதன், வியாழன், வெள்ளி. என் விரல்களே எண்ணிக்கொண்டன. ஆறு.

பிறகு நான் பேசியதை எழுதக் கை கூசுகிறது. ஆனால் எழுதத்தான் வேண்டும். ஒரு பக்கம் நானும் சிஸ்டரும் அந்தச் சின்னக் கையில் நரம்பு தேடிக்கொண்டிருக்கிறோம், நரம்பெல்லாம் ஒட்டிப் போய்க் கிடக்கிறது, ஊசி இரண்டு தடவை வழுக்கிவிட்டது. இன்னொரு பக்கம் என் வாய் ஓடிக்கொண்டிருக்கிறது. "படிச்சவதானே நீ? படிச்சுப் படிச்சுக் கேட்டேனே எத்தன நாள்னு! முழுப் பூசணிக்காயச் சோத்துல மறச்சுட்டியே! நாலு நாள் சிரப்பக் குடுத்துக் குடுத்து மூடி வெச்சு, பெத்த புள்ளைய நீயே இந்த நெலமைக்குக் கொண்டாந்துட்டியே! அந்தச் சிரப்பு உன்னையும் ஏமாத்தி என்னையும் ஏமாத்திருச்சு, தெரியுதா?"

அவள் அழவில்லை. "நான் பொய் சொல்லல டாக்டரம்மா" என்று மட்டும் சொன்னாள். அவள் கண்ணைப் பார்த்தேன். அது பொய் சொல்கிற கண் இல்லை. என் கோபத்துக்கு அதையெல்லாம் பார்க்க எங்கே நேரம்?

மூன்றாவது தடவையில் ஊசி ஏறியது. சலைன் வேகமாகப் போக ஆரம்பித்தது. ஆனால் இந்த நோயில் சலைனும் கத்தி மேல் நடக்கிற வேலை. குறைத்தால் ரத்த ஓட்டம் நிற்கும், கூட்டினால் கசிந்த நீர் நெஞ்சில் போய்த் தேங்கும். மணிக்கு மணி ரத்தம் பார்த்து அளவை மாற்ற வேண்டும். அதற்கு மிஷினும் ஆளும் உள்ள பெரிய ஆஸ்பத்திரி வேண்டும். என் கிளினிக்கில் இருப்பது ஒரு கட்டிலும் ஒரு ஆக்சிஜன் சிலிண்டரும். கோயமுத்தூரில் குழந்தைகள் தீவிர சிகிச்சைப் பிரிவில் இருந்த என் கல்லூரித் தோழியிடம் பேசி இடம் வாங்கினேன். ஆம்புலன்ஸ் வருவதற்குள் குழந்தையின் கால் லேசாகச் சூடு பிடித்தது. ஒரு தடவை கண்ணைத் திறந்து என்னைப் பார்த்தாள். "கண்ணு, ஊருக்குப் போயிட்டு வா, ஒரு கட்டுக் குச்சி தர்றேன்" என்று காதில் சொன்னேன். கேட்டதோ என்னவோ.

நான் கூடப் போகவில்லை. போயிருந்தால் என்ன பண்ணியிருப்பேன் என்று இன்றைக்கும் எனக்குத் தெரியாது. அதற்குள் சாயங்காலத்துப் பிள்ளைகள் வந்து பெஞ்சு நிறைந்துவிட்டது. முதல் பிள்ளைக்குக் காய்ச்சல். "எத்தன நாளாம்மா?" என்பதை அன்றைக்கு நான் கேட்கவில்லை. சிஸ்டர்தான் கேட்டார்.

எல்லாரும் போன பிறகு சிஸ்டரைப் பிடித்துக்கொண்டேன். "ஏன் சிஸ்டர், இந்தப் பொம்பள எதுக்குப் பொய் சொன்னா?"

"பொய்யில்லீங்க மேடம்." அவர் பஞ்சு டப்பாவை மூடிக்கொண்டே சொன்னார். "கம்பெனி வேலைக்குப் போற புள்ளைங்க எல்லாரும் அப்படித்தானுங்க எண்ணுவாங்க. சிரப்புக்கு அடங்குனா அது காச்சல் இல்லீங்க, உடம்பு சுடுதுன்னுதான் சொல்லுவாங்க. கேட்டுல திருப்பி உட்டு, லீவு போட்ட நாள்தானுங்க காச்சலுக்கு மொத நாளு. எம்பட தங்கச்சியும் அப்படித்தானுங்க சொல்லுவா."

"உங்களுக்கு இது முன்னாடியே தெரியுமா?"

"தெரியுமுங்க. உங்களுக்குத் தெரியாதுன்னு எனக்குத் தெரியாதுங்க."

காலை ஏழே காலுக்கு சிரப்பு, ஏழே முக்காலுக்கு வேன், எட்டே காலுக்கு கேட். எந்த நிமிடம் கொடுத்தால் கேட்டில் நெற்றிக்கு நேரே காட்டுகிற வெப்பமானியில் பச்சை எரியும் என்று இந்த ஊர் அம்மாக்களுக்குத் தெரிந்த அளவு எந்த மருந்துக் கம்பெனிக்காரனுக்கும் தெரியாது. பெஞ்சில் உட்கார்ந்து அவர்கள் சொன்ன நாளையெல்லாம் வேதவாக்காக எழுதி வைத்தவள் நான். எத்தனை பிள்ளைகளுக்குத் தப்பான நாளை எழுதினேனோ. அவர்களெல்லாம் தாமாகவே தேறிவிட்டார்கள், என் கெட்டிக்காரத்தனத்தால் இல்லை.

சனிக்கிழமை முழுக்கத் தோழியைப் போனில் நச்சரித்தேன். காலையில் "பரவாயில்லடி" என்றாள். மத்தியானம் "மூச்சு வாங்குது, மிஷின் போட்டிருக்கோம்" என்றாள். சாயங்காலம் போனை எடுக்கவில்லை. நான் இங்கே சளிக்கும் சிரங்குக்கும் மருந்தெழுதிக்கொண்டு, பத்து நிமிடத்துக்கு ஒருமுறை போனைத் திருப்பித் திருப்பிப் பார்த்தேன். வெள்ளகோவிலில் என் அம்மாவைக் கூப்பிட்டு முருகன் கோயிலில் அர்ச்சனை பண்ணச் சொன்னேன். படித்த படிப்பெல்லாம் அவ்வளவுதான். ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் தோழியே கூப்பிட்டாள். "போயிருச்சுடி" என்றாள்.

பிள்ளையை அங்கிருந்தே ஊருக்குக் கொண்டுபோய் அடக்கம் செய்துவிட்டார்கள் என்று கேள்விப்பட்டேன்.

அடுத்த வாரம் அந்தக் கம்பெனிக்குப் போனேன். கண் கெட்ட பிறகு சூரிய நமஸ்காரம். யாரையாவது பிடித்துக் கத்தாவிட்டால் தலை வெடித்துவிடும் போல இருந்தது. எச்.ஆர். அறையில் ஒரு சின்னப் பையன், பாவம், எழுந்து நின்று வணக்கம் சொன்னான். நான் உட்காரக்கூட இல்லை.

"எந்த முட்டாள் போட்ட ரூல் இது? காய்ச்சல்னா கேட்டுலயே திருப்பி அனுப்புனா, அம்மாக்காரி மருந்தக் குடுத்து மறைக்கத்தானே பாப்பா?"

அவன் தயங்கினான். பிறகு பீரோவைத் திறந்து ஒரு ஃபைலை எடுத்து என் முன்னால் விரித்து வைத்தான். "நீங்கதானுங்க மேடம் எழுதிக் குடுத்தீங்க."

கம்பெனி லெட்டர்ஹெட்டில், காய்ச்சல் உள்ள குழந்தைகளைக் காப்பகத்தில் அனுமதிக்கக் கூடாது, வாசலிலேயே வெப்பம் பார்க்க வேண்டும் என்று இருந்தது. கீழே என் கையெழுத்து, என் சீல். கைகால் வாயெல்லாம் கொப்புளம் போடுகிற தக்காளிக் காய்ச்சல் ஒரு வருடம் அந்தக் கிரீச்சில் பரவி, ஒரே வாரத்தில் பாதிப் பிள்ளைகள் படுத்துவிட்டன. அப்போது கூப்பிட்டிருந்தார்கள். போய்ப் பேசிவிட்டு, டீ குடித்துவிட்டு, கையெழுத்துப் போட்டுவிட்டு வந்திருக்கிறேன். சுத்தமாக மறந்து போயிருந்தது. கொரோனா காலத்தில் வாங்கி மூலையில் கிடந்த வெப்பமானியை எடுத்து வாட்ச்மேன் கையில் கொடுக்கச் சொன்னதும் நான்தான்.

"அந்தந்த அம்மாக்களுக்கு லீவு குடுங்களேன்" என்றேன். குரல் இறங்கிவிட்டது.

"அது என் கையில இல்லீங்க மேடம். ஷிப்மெண்டு டைம்ல மேனேஜர் கையிலகூட இல்லீங்க. நீங்க வேணும்னா ரூல மாத்தி எழுதிக் குடுங்க, இன்னிக்கே கேட்டுல ஒட்டிடறேன்."

வெள்ளைத் தாளும் பேனாவும் வைத்தான். நிஜமாகத்தான் வைத்தான், கிண்டல் இல்லை. நான் பேனாவை எடுத்தேன். என்ன எழுதுவது? காய்ச்சலோடு உள்ளே விடலாம் என்று எழுதினால் ஒரே அறையில் பாய் விரித்துப் படுக்கிற முப்பது பிள்ளைக்கும் ஒட்டும். விடக்கூடாது என்று எழுதினால் காலை ஏழே காலுக்கு சிரப்பு. அம்மாக்கள் உண்மையைச் சொல்ல வேண்டும் என்று எழுதலாம், அவர்கள் உண்மையைத்தான் சொல்லிக்கொண்டிருக்கிறார்கள். மேலே ஃபேன் சுற்றச் சுற்றத் தாள் படபடத்தது. பேனாவை மூடி வைத்துவிட்டு வந்துவிட்டேன். பையன் வாசல்வரை வந்து வழியனுப்பினான்.

என்னால் மாற்ற முடிந்தது ஒரு கேள்விதான். காய்ச்சல் எத்தனை நாள் என்று கேட்பதை விட்டுவிட்டேன். "மொத மொதல்ல சிரப்பு எந்தக் கெழமை குடுத்தே?" என்று கேட்கிறேன். அம்மாக்கள் திடுக்கிட்டுப் பார்ப்பார்கள், திருட்டைக் கண்டுபிடித்துவிட்ட மாதிரி. பிறகு சொல்வார்கள். சில பேர் அதற்கும் ஒரு நாளைக் குறைத்துச் சொல்வார்கள் என்று நினைக்கிறேன்.

அந்தப் பெண் மறுபடி வந்தது ஏழெட்டு மாதம் கழித்து. நல்ல வெயில் காலம். இடுப்பில் சின்னவள். நான் அடையாளம் கண்டுகொண்டதும் எழுந்து நின்றேன். அவளிடம் சொல்ல வேண்டியதை மாதக்கணக்கில் மனசுக்குள் சொல்லிப் பார்த்திருக்கிறேன். அன்றைக்கு நான் கத்தியது தப்பு, அந்தச் சீட்டில் சீல் குத்தியது நான், உன் மேல் குற்றமில்லை. இவ்வளவுதான். ஆனால் அவள் எனக்கு இடம் கொடுக்கவில்லை. உட்கார்ந்ததும் கையிலிருந்த ஒரு அட்டையை மேஜை மேல் வைத்தாள். கம்பெனி அட்டைப்பெட்டியில் கிழித்த துண்டு. செக்கிங்கில் பீஸ் எண்ணுகிற மாதிரி, நாலு கோடு போட்டுக் குறுக்கே ஒரு கோடு என்று கட்டுக் கட்டாகப் போட்டிருந்தாள்.

"நேத்துக் காலைல ஆறு மணிக்கு ஆரம்பிச்சுட்டு டாக்டரம்மா. ஒரு கோடு ஒரு மணி நேரம். கேட்டுக்கெல்லாம் கொண்டு போகல. நான் லீவு சொல்லிட்டேன்."

குழந்தையைத் தொட்ட என் கை தானாகப் பின்னால் வந்தது. அடுப்புக் கல்லைத் தொட்ட மாதிரி இருந்தது. நூற்றிநாலுக்கு மேல். உதடு காய்ந்து வெடித்திருந்தது. அழக்கூடத் தெம்பில்லாமல் முனகிக்கொண்டு, காதைப் பிடித்துப் பிடித்து இழுத்தாள்.

"சிஸ்டர், சிரப்பு எடுங்க, சீக்கிரம்! ஏம்மா, இவ்வளவு சுடுதே, கடைசியா எப்பம்மா சிரப்பு குடுத்தே?"

"குடுக்கல டாக்டரம்மா. சத்தியமா ஒரு சொட்டுக் குடுக்கல." அவள் அவசரமாகச் சொன்னாள், பரீட்சையில் சரியான பதில் தெரிந்த பிள்ளை மாதிரி. "குடுத்தா அடங்கிரும்லா. அடங்கிட்டா ஒங்களுக்கு எப்படித் தெரியும்? வீட்டுக்காரரு குடு குடுன்னு சண்ட போட்டாரு. பாட்டில எடுத்துப் பீரோவுல வச்சுப் பூட்டிட்டேன். ராத்திரிபூரா ஈரத்துணி போட்டுக்கிட்டே இருந்தேன். நீங்க பாக்கணும்லா."

சிஸ்டர் கண்ணைத் துடைத்துக்கொண்டு பாட்டிலைத் திறந்தார். சிரப்பை அளந்து குழந்தையின் வாய்க்குக் கிட்டே கொண்டு போனேன். அம்மா என் கையைப் பிடித்தாள். இறுக்கிப் பிடித்தாள்.

"இப்ப வேண்டாம் டாக்டரம்மா. மொதல்ல நல்லாப் பாத்துருங்க. எல்லா டெஸ்டும் எடுத்துருங்க. அடங்கிட்டா அப்புறம் ஒண்ணும் தெரியாமப் போயிரும்."

காதுக்குள் வெளிச்சம் அடித்துப் பார்த்தேன். சவ்வு சிவந்து வீங்கியிருந்தது. சளி பிடித்துக் காதில் சீழ் வைத்திருக்கிறது, வேறொன்றும் இல்லை. இந்தத் தெருவில் தினம் பார்க்கிற காது வலி. நேற்றுக் காலையிலேயே ஒரு மூடி சிரப்புக் கொடுத்திருந்தால் பிள்ளை வலி தெரியாமல் தூங்கியிருக்கும்.

நகத்தை அழுத்திக் காட்டினேன், வயிற்றைத் தொட்டுக் காட்டினேன், பிரஷர் பார்த்து எண்ணைச் சொன்னேன். ஒவ்வொன்றையும் அவள் துணியில் ஓட்டை தேடுகிற கண்ணால் பார்த்துக்கொண்டே இருந்தாள். "பாத்துட்டேம்மா. எல்லாம் பாத்துட்டேன். இப்பக் குடுக்கட்டுமா?" என்று கேட்டேன்.

"ரெண்டாவது நாள்னு எழுதிக்கிட்டியளா?"

எழுதினேன். அவள் எட்டிப் பார்த்து, என் கிறுக்கலை எழுத்துக்கூட்டி வாசித்து, பிறகுதான் என் கையை விட்டாள்.